பெட்டியில் வராத டிஸ்க்

அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார் மதிப்பீட்டாளர். ஒரு தெர்மோகோல் துண்டும், ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்டிருந்த சின்னப் பொட்டலமும் விழுந்தன. அவர் தேடியது விழவில்லை.

"நேத்துலேருந்து அந்தப் பெட்டியை உலுக்கிட்டே இருக்கீங்க. அது என்ன, உண்டியலா?" என்றாள் மனைவி, கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"டிஸ்க் இல்லை."

"என்ன டிஸ்க்?"

"ஒரிஜினல் டிஸ்க். நாளைக்கே இந்த கம்ப்யூட்டர் படுத்துடுச்சுன்னா, மறுபடியும் முதல்லேருந்து சிஸ்டத்தை ஏத்தறதுக்கு ஒரு டிஸ்க் குடுப்பான். குடுக்கணும். இதுல இல்லை."

"வந்து ஒரு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள ஏன் அதுக்குக் காரியம் பண்ண ஆள் தேடறீங்க?"

மதிப்பீட்டாளர் பெட்டியின் மூலைகளை விரலால் தடவிப் பார்த்தார். அவருடைய உத்தியோகம் அப்படி. காப்பீட்டு நிறுவனத்துக்காக நஷ்டத்தை மதிப்பிடுகிறவர். எரிந்த கடை, தண்ணீர் புகுந்த கிடங்கு, நசுங்கிய லாரி என்று பார்த்துப் பார்த்து, உலகத்தில் உள்ள அத்தனை பொருளும் கெட்டுப்போக நேரம் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்ற முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடிக்கு மாற்று இருந்தது. அந்த மாற்றுக்கும் ஒரு மாற்று இருந்தது. இதோடு நின்றிருந்தால் வீடு தாங்கியிருக்கும். ஆனால் நன்றாக இருப்பதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. கூடத்துக் கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, எப்படி ஓடுகிறது என்று திறந்து பார்த்து, நிறுத்திவிட்டு மூடியவர் அவர்.

மனைவி கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். வீட்டின் பின்னறைதான் அவளுடைய ஆபீஸ். புதிதாக வரப்போகும் ஒரு கண் மருத்துவமனைக்கான வரைபடத்தை அன்று சாயங்காலம் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் புது கம்ப்யூட்டர். அவரோ மிச்சமிருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். வீட்டில் நடக்கும் சேதங்களில் பெரும்பாலானவை அவருடைய விடுப்பு நாட்களில்தான் நடந்திருக்கின்றன என்பதை அவர் மட்டும் மதிப்பிட்டதில்லை.

"நான் கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்றார்.

மனைவியின் கை சுட்டியின் மேல் ஒரு கணம் நின்றது. "போய்?"

"கேக்கப் போறேன். நம்ம உரிமை."

"கேளுங்க" என்றாள் அவள். "ஆனா, டிஸ்க் குடுக்காம இருக்கறதே சில வீடுகளுக்கு நல்லதுன்னு எனக்குப் படுது."

கடைக்காரர் அவரைக் கண்டதும் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியைத் திருப்பிவிட்டார். இவ்வளவு உபசாரம் கம்ப்யூட்டர் வாங்கின அன்று கூட நடக்கவில்லை.

"டிஸ்க் இல்லையே" என்றார் மதிப்பீட்டாளர்.

"இப்பல்லாம் யாரு சார் டிஸ்க் குடுக்கறாங்க?" கடைக்காரர் கூரையைப் பார்த்துச் சொன்னார். "எல்லாம் உள்ளேயே இருக்கு."

"பெட்டி உள்ளே பாத்துட்டேன்."

"பெட்டில இல்லை சார், கம்ப்யூட்டருக்குள்ளேயே. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா, உள்ளே இருக்கற பிரதியை வெச்சு அதுவே தன்னைச் சரிபண்ணிக்கும்."

"அந்த கம்ப்யூட்டரே கெட்டுப்போச்சுன்னா?"

"உள்ளே இருக்கறது…"

"அதுவும் சேர்ந்து போயிடுமே. வீட்டுச் சாவி பத்திரமா இருக்கான்னு கேட்டா, பத்திரமா இருக்கு, வீட்டுக்குள்ளதான் வெச்சுப் பூட்டியிருக்கோம்னு சொல்ற கதையால்ல இருக்கு."

கடைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆயிரத்துல ஒருத்தர் கூட அந்த டிஸ்க்கைத் தொடறதில்லை சார். அலமாரிலதான் கிடக்கும்."

"தீயணைக்கற சிலிண்டரும்தான் சுவத்துல தொங்கிட்டே கிடக்கு. ஆயிரத்துல ஒருத்தர்தான் எடுக்கறார். அதுக்காக மத்தவங்களுக்கு மாட்டாம விட்டுடலாமா? அந்த ஒருத்தர் வீட்டுச் சாம்பலை நான் நேர்ல போய்ப் பாத்தவன்."

வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், "அவர் சொல்றது நியாயம்தானே" என்றார். கடைக்காரருக்கு மதிப்பீட்டாளரைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது. அந்த அவசரத்தில் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"வேணும்னா நீங்களே டிஸ்க் பண்ணிக்கலாம் சார். அதுலயே அதுக்கு வழி இருக்கு."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் மதிப்பீட்டாளர் அதற்குள் எதிரே இருந்த அலமாரியிலிருந்து ஒரு வெற்று டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பாதி வழி போய்விட்டார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மருத்துவமனை கட்டப்போகும் இடத்தில் ஒரு சுவரை மறுபடி அளக்க வேண்டுமாம்.

"ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன். கம்ப்யூட்டரைத் தொடாதீங்க."

"தொடமாட்டேன்."

"தட்டாதீங்க, திறக்காதீங்க, துடைக்கவும் துடைக்காதீங்க."

"என்னம்மா இது, என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். எப்படித் தெரிகிறது என்று சொல்லாமலே போய்விட்டாள்.

கதவு சாத்தப்பட்டது. மதிப்பீட்டாளர் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். டிஸ்க் பண்ணுவது தொடுவதில் சேராது என்று அவருக்குத் தோன்றியது. குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதை அடிப்பது என்று யாராவது சொல்வார்களா?

வழி இருக்கத்தான் செய்தது. திரையில் வந்த குறிப்பு, இதற்கு இரண்டு டிஸ்க்குகள் வேண்டும் என்றது. அவரிடம் ஒன்றுதான் இருந்தது. சரி, முதலில் ஒன்றைப் பண்ணுவோம், இன்னொன்றைச் சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார். டிஸ்க் உள்ளே சுழன்றது, முனகியது, கடைசியில் நாக்கை நீட்டுவது போல வெளியே வந்தது. அதன் முகத்தில் 'ஒரிஜினல்' என்று பட்டையாக எழுதினார்.

அத்தோடு எழுந்திருக்கலாம். எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் சோதிக்காத தீயணைப்பு சிலிண்டர் வெறும் சிவப்புக் குடம் என்பது அவருடைய தொழிலில் அவரே சொல்லும் வாக்கு. டிஸ்க் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் அலமாரியில் வைத்து என்ன பயன்?

டிஸ்க்கை மறுபடி உள்ளே தள்ளினார். கம்ப்யூட்டர் என்னவோ நீளமாகக் கேட்டது. அடுத்தவர்களுடைய காப்பீட்டுப் பத்திரத்தில் எறும்பு ஊர்வது போல் இருக்கும் எழுத்தைக் கூட விடாமல் படிக்கிற மனிதர், இதைப் படிக்கவில்லை. 'சரி' என்றார். மறுபடி கேட்டது. மறுபடியும் 'சரி' என்றார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் பெண் வீட்டுக்காரர் மாதிரி, கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனார்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரை கறுத்தது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது. 'பழையவை அனைத்தும் அழிக்கப்பட்டன. இரண்டாவது டிஸ்க்கைச் செருகவும்.'

மதிப்பீட்டாளர் அந்த வரியை இப்போது நிதானமாகப் படித்தார். இரண்டாவது டிஸ்க் இல்லை. அதைப் பண்ண வேண்டுமானால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிரதி வேண்டும். அந்தப் பிரதியைத்தான் முதல் டிஸ்க் துடைத்துவிட்டது. கடைக்காரரிடம் அவர் சொன்ன பூட்டிய வீட்டுக் கதையில், இப்போது வாசலுக்கு வெளியே நிற்பது அவர்தான்.

அவளுடைய வரைபடம் அதற்குள்தான் இருந்தது.

மாடி வீட்டில் கப்பல் என்று எல்லோரும் அழைக்கும் ஒரு பெரியவர் இருந்தார். பல வருஷம் கப்பலில் வேலை பார்த்தவர். எந்தச் சாமானைக் கேட்டாலும் அவரிடம் இருக்கும். எதற்கான சாமான் என்பதுதான் அவருக்கே தெரியாது.

"சிஸ்டம் டிஸ்க்கா? இருக்கே" என்றார் கப்பல், ஒரு தகரப் பெட்டியைக் கிளறியபடி. "புத்தம் புதுசு. உறை கூடப் பிரிக்கலை. ஏதோ ஒரு துறைமுகத்துல வாங்கினது."

"எந்தத் துறைமுகம்?"

"மழை பெய்ஞ்சுட்டிருந்தது. அது மட்டும் ஞாபகம் இருக்கு."

முழுகுகிறவன் துரும்பின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. வாங்கிக்கொண்டு இறங்கினார்.

டிஸ்க் நன்றாகவே வேலை செய்தது. திரையில் வெளிச்சம் வந்தது, படம் வந்தது, எழுத்து வந்தது. அந்த எழுத்துதான் எந்த ஊர் எழுத்து என்று தெரியவில்லை. சில எழுத்துகளுக்குக் கொம்பு இருந்தது. சிலவற்றின் தலையில் பொட்டு இருந்தது.

மொழியை மாற்றுவதற்கு எங்கேயாவது ஓரிடம் இருக்கும். வழக்கமாக அது மேலிருந்து நாலாவதோ ஐந்தாவதோ. நாலாவதை அழுத்தினார். எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பெருத்தது. ஐந்தாவதை அழுத்தினார்.

ஒரு பெண் பேசினாள்.

மதிப்பீட்டாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி அது என்று அவருக்குப் புரியவே சிறிது நேரம் ஆயிற்று. இனிமையான குரல். ஆனால் ஓயாத குரல். அவர் சுட்டியை எங்கே நகர்த்தினாலும் அங்கே இருப்பதைப் பற்றி அவள் அந்தப் புரியாத மொழியில் விளக்கம் சொன்னாள். நிறுத்துவதற்காக எதையோ அழுத்தினார். அவள் வேகமாகப் பேச ஆரம்பித்தாள். இன்னொன்றை அழுத்தினார். சத்தமாகப் பேசினாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டார். புதிதாகக் குளித்துவிட்டு வந்தவள் போல உற்சாகமாக முதலிலிருந்து தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மனைவி.

"சுவரை அளந்தாச்சு, இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றவள் நிறுத்தினாள். "யாரு அது பேசறது?"

"எங்க?"

"அங்கதான். ஒரு பொம்பளைக் குரல் கேக்குது."

"ரேடியோ."

"நம்ம வீட்டு ரேடியோவை நீங்க போன மாசம் திறந்து பாத்தீங்களே. அதுக்கப்புறம் அது எங்க பேசுச்சு?"

ஒரு பொய் ஏறி நிற்கும் கிளை முறிந்தால், அடுத்த கிளைக்குத் தாவித்தான் ஆக வேண்டும்.

"ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்க. வெளிநாட்டுக் கிளையில பெரிய அதிகாரி. திடீர்னு வந்துட்டாங்க. ஒரு முக்கியமான கேஸ் விஷயமா பேசிட்டிருக்கோம்."

"அவங்க மட்டும்தானே பேசறாங்க?"

"நான் கேட்டுட்டிருக்கேன்."

"டீ போட்டுக் குடுத்தீங்களா?"

"வேண்டாம்னுட்டாங்க."

"நல்லா இருக்கே. வீட்டுக்கு வந்தவங்க வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. நீங்க பேசிட்டே இருங்க, மிச்ச வேலையை அப்புறம் பாத்துக்கறேன். நான் வழியில ஏதாவது வாங்கிட்டு வந்துடறேன்."

"நீ வரவேண்டாம்" என்று அவர் சொன்னது அவள் போனை வைத்த பிறகுதான் வாயிலிருந்து வந்தது.

மதிப்பீட்டாளர் ஓடினார். மின்சார வயரைப் பிடுங்கினார். திரை கறுத்தது, அறை அமைதியானது. அப்பாடா என்று உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், இருண்ட திரையை மனைவி பார்த்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. ஏதோ ஒரு படமாவது தெரிந்தால், வாசலிலிருந்து பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போல் இருக்குமே. வயரை மறுபடி செருகினார். குரல் வராமல் இருக்க, திரையை மட்டும் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரின் மேல் ஒரு தலையணையையும், தலையணையின் மேல் போர்வையையும் போட்டார்.

வாசல் மணி அடித்தது. மனைவி ஒரு கேக் பெட்டியுடன் நின்றாள். முகம் கழுவிப் பொட்டெல்லாம் சரிசெய்துகொண்டு வந்திருந்தாள்.

"எங்க அவங்க?"

"இப்பத்தான் கிளம்பிப் போனாங்க. விமானத்துக்கு நேரமாச்சாம்."

"அடடா. நான் படியேறி வரும்போது எதிர்ல யாரும் வரலையே."

"வேகமா நடப்பாங்க."

பின்னறையில், போர்வைக்கு அடியிலிருந்து, மூச்சு முட்டிய குரலில் அந்த அதிகாரி பேச ஆரம்பித்தாள்.

மனைவி அவரைப் பார்த்தாள். கேக் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். பின்னறைக்குப் போனாள். போர்வையை எடுத்தாள், தலையணையை எடுத்தாள், கொம்பும் பொட்டுமாகத் தெரிந்த திரையைப் பார்த்தாள். பக்கத்தில் 'ஒரிஜினல்' என்று பட்டையாக எழுதிய டிஸ்க் கிடந்தது. அதையும் பார்த்தாள்.

அவள் கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சோதிச்சுப் பாத்தீங்களா?"

"ஒரு தடவைதான்" என்றார் அவர். "உன்னோட வரைபடம் எல்லாம் போயிடுச்சும்மா. நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலை. டாக்டர்கிட்ட வேணும்னா நான் வந்து சொல்றேன். என் மேலதான் தப்புன்னு சொல்றேன்."

கரிந்த கிடங்குகளின் முன்னால் எத்தனையோ பேர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார். அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மனைவி கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பென் டிரைவை எடுத்துக் காட்டினாள்.

"வரைபடம் இதுல இருக்கு. உங்களோட குடித்தனம் பண்றவ இதை வெச்சுக்காம எப்படி இருப்பா?"

மதிப்பீட்டாளருக்கு அவளைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. அவள் அதற்கு இடம் கொடுக்காமல் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். யாரிடமோ தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து வரைபடச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் டாக்டர் வீட்டுக்கே போறேன். அங்க இருக்கற கம்ப்யூட்டர்ல மிச்சத்தை முடிச்சுக் காட்டிடறேன். யாராவது வருவாங்க. வாசக் கதவைத் திறங்க. வேற எதையும் திறக்காதீங்க."

அவள் போனதும் மதிப்பீட்டாளர் கேக்கில் ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டார். இனிப்பு உள்ளே இறங்க இறங்க, தப்பு யார்மேல் என்ற கேள்வி கொஞ்சம் கொஞ்சமாகத் திசை திரும்பியது. யோசித்துப் பார்த்தால் அவர் என்ன பண்ணினார்? பெட்டியோடு ஒரு டிஸ்க் கொடுத்திருந்தால் அவர் ஏன் கடைக்குப் போகிறார், ஏன் தானே பண்ணுகிறார், ஏன் கப்பலிடம் கையேந்துகிறார்? ஒரு டிஸ்க் கொடுக்க மனசு வராத கம்பெனியால் ஒரு குடும்பமே கலங்கி நிற்கிறது. இதை யாராவது கேட்டாக வேண்டும். ஊரில் உள்ளவர்களை எல்லாம் கூட்டி, கையெழுத்து வாங்கி, இனிமேல் டிஸ்க் இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் கூட விற்கக் கூடாது என்று சட்டமே கொண்டுவர வைக்க வேண்டும். பேச வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று ஒருமுறை பேசிப் பார்த்தார். நன்றாகவே வந்தது. சாவி உதாரணத்தைச் சொன்னபோது அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

ஆனாலும், வருகிறவர் வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி? அந்தப் பெண்ணின் குரல் எங்கிருந்துதான் வருகிறது என்று பார்த்து, அந்த ஒரு வயரை மட்டும் கழற்றிவிட்டால் வருகிறவருக்கும் உதவியாக இருக்கும். அவர் பழைய பனியனுக்கு மாறி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகடு கழன்று வந்தது. அதோடு, அவர் எதிர்பார்க்காத இன்னும் சிலவும் கழன்று வந்தன. குரல் நின்றது. அந்த வகையில் வெற்றிதான்.

வாசல் மணி அடித்தது. பனியனில் தூசியும், காதில் ஒரு ஸ்க்ரூவும், கையில் ஸ்க்ரூ டிரைவருமாகப் போய்க் கதவைத் திறந்தார்.

ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் ஒரு இளம்பெண் நின்றாள். சட்டைப் பையில் கம்ப்யூட்டர் கடையின் பெயர். கையில் ஒரு கனத்த உறை. அவர் பின்னால் தரையில் பரவிக் கிடந்த கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்து, அவரையும் ஒரு பார்வை பார்த்து, நிம்மதியாகச் சிரித்தாள்.

"பரவாயில்லையே, மெக்கானிக் அண்ணன் எனக்கு முன்னாடியே வந்துட்டீங்க" என்று உறையை அவர் கையில் வைத்தாள். "பெட்டியோட வந்த ஒரிஜினல் டிஸ்க் இதுலதான் இருக்கு, வேலை முடிஞ்சதும் அந்த அக்கா கையிலயே குடுத்துடுங்க, வீட்டுக்காரர் கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாதுன்னுதான், டெலிவரிக்கு முன்னாடியே இதை எடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லியிருந்தாங்க."